பச்சை எல்லாம் காடாகுமா?

1965ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நொட் மாவட்டத்தில், ஆலி கோம்ஸ் என்னும் முதிய விதவை, தமது நிலத்தைக் கிழித்து நிலக்கரி எடுக்க வந்த புல்டோசரின் முன்னே அமர்ந்துவிட்டார். காவலர் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிச் சென்றனர். அப்புகைப்படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

அவருடைய நிலத்தைத் தோண்டக் கம்பனிக்கு உரிமை எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, முதலாளிகளின் தரகர்கள் மலைநாட்டு விவசாயிகளிடம், நிலத்தடிக் கனியங்களை ஏக்கர் ஐம்பது சதம் என்ற அற்ப விலைக்குக்கூட எழுதி வாங்கியிருந்தனர். அன்று கரி எடுப்பதென்றால் சுரங்கம் அகழ்வதே. பின்னர் மலையின் மேற்பரப்பையே வழித்தெடுக்கும் இயந்திரங்கள் வந்தன. மேல்நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதமின்றியே அவ்வாறு செய்யலாம் என்று 1956இல் மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் மக்கள் வாக்களித்து மாநிலத்தின் அரசியல் யாப்பைத் திருத்திய பின்னரே இந்த அநீதிக்கு முடிவு பிறந்தது.

இத்தகைய போராட்டங்களின் பயனாகவே நாடு தழுவிய சட்டமும் வந்தது. 1974இலும் 1975இலும் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஜனாதிபதி ஃபோர்ட் ஒப்பமிட மறுத்தார். 1977 ஆகஸ்ட் 3இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்டார். தோண்டும் கம்பனி முன்கூட்டியே பிணைப்பணம் கட்ட வேண்டும். நிலத்தை நிரவிப் பலவகைப்பட்டதும் நிலைபேறுடையதுமான தாவரப் போர்வையை அதில் உண்டாக்க வேண்டும். அதன் பின்னரே பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

தாவரம் வேரூன்றிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? வெறுங்கண்ணால் பார்த்துப் பச்சை என்று சொல்வது போதாது. ஆகவே விதிகள் அளவுகோலொன்றை வகுத்தன. தோண்டப்படாத அயல்நிலமொன்றையோ, அதிகாரிகள் ஏற்ற நியமமொன்றையோ ஒப்பீட்டுக்குக் கொள்வர். நிலத்தில் எழுந்தமானமாகத் தெரிந்த இடங்களில் நாடா விரித்து, குறித்த தூரத்துக்கொருமுறை ஊசியை இறக்கி, அது தொடுவது இலையா, சருகா, வெறும் மண்ணா எனக் குறிப்பர். சிறு சதுரங்களில் புல்லை அறுத்து உலர்த்தி நிறுப்பர். உயிருடன் நிற்கும் மரங்களை எண்ணுவர். கிடைக்கும் அளவு நியமத்தின் 90 வீதத்துக்குக் குறையலாகாது. அம்முடிவும் புள்ளிவிபரவியல்படி 90 வீத நம்பகமுடையதாக இருத்தல் வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேற்பட்ட இடங்களில் கம்பனியின் பொறுப்பு 5 ஆண்டுகள். அதற்கு மேற்படாத இடங்களில் 10 ஆண்டுகள்.

நல்ல ஏற்பாடுதான். இச்சட்டத்துக்கு முன்னர் வெட்டிய மலைமுகங்களை அப்படியே விட்டுச் சென்றவர்கள் எத்தனையோ பேர். ஆயினும், எதை அளக்கிறோமோ அதையே முதலாளி விளைவிப்பான் என்பதும் விரைவில் தெரிந்தது. மண்ணரிப்பைத் தடுக்க நிலம் விரைவாக மூடப்பட வேண்டும் என அதிகாரிகள் வற்புறுத்தினர். கம்பனிகள் கனரக இயந்திரங்களை மேலும் கீழும் ஓட்டி மண்ணை இறுக்கி மட்டப்படுத்தின. பெஸ்கியூ போன்ற வேற்றுநிலப் புற்களை அடர்த்தியாக விதைத்தன. ஊசி பெரும்பாலும் இலையையே தொட்டது, கணக்குச் சரியாயிற்று. ஓக், மேப்பிள் மரங்கள் ஓங்கி நின்ற மலைகள் காகிதத்தில் 'மேய்ச்சல் நிலம்' ஆயின. இறுகிய மண்ணில் மரக்கன்றின் வேர் இறங்கவில்லை. இறங்கியதையும் புல் நெருக்கியது. மழைநீரும் மண்ணுக்குள் செல்லாது சரிவில் வழிந்தோடியது. வெளுத்ததெல்லாம் பாலாகாதது போலவே பச்சை எல்லாம் காடாகாது.

இப்பிழையை உணர்ந்த வன விஞ்ஞானிகளும் அரச அதிகாரிகளும் 2004இல் அப்பலாச்சிய மலைப் பிரதேசத்தில் மீள்காடாக்கும் முயற்சியைத் தொடங்கினர். குறைந்தது நான்கு அடி ஆழத்துக்கு நல்ல வளர்மண் வேண்டும். அது இறுக்கப்படாது தளர்ந்திருக்க வேண்டும். மரத்தோடு போட்டியிடாத நிலமூடிகளை விதைக்க வேண்டும். பலவகைக் கன்றுகளை முறையாக நடவேண்டும் என்றனர். இறுகிக் கிடந்த பழைய நிலங்களையும் ஆழக் கிழித்து மரம் நட்டனர்.

ஆகவே, அளவையே வேண்டாம் என்பது நமது முடிவாகாது. எண் இல்லாத இடத்தில் கம்பனியின் வாய்ச்சொல்லே சான்றாகிவிடும். ஆனால் எதை அளப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு அளப்பது என்பதை நிர்ணயிப்பதில் அந்நிலத்தில் வாழும் மக்களுக்கு இடம் இருத்தல் வேண்டும். பிணைப்பணத்தை மீளக் கேட்கும் கம்பனி உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றும், பாதிக்கப்படுவோர் ஆட்சேபித்துப் பகிரங்க விசாரணை கோரலாம் என்றும் 1977ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பெரும் நிலக்கரிக் கம்பனிகள் சில வங்குரோத்து அறிவித்தபோது, மீட்கப்படாத நிலத்தின் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை எழுப்பும் உரிமையை ஏட்டில் உறங்கவிடாது பயன்படுத்தும் மக்களே, அன்று புல்டோசரின் முன்னே அமர்ந்த மூதாட்டியின் உண்மையான வாரிசுகள்.