அவையறிதலும் அவையஞ்சாமையும்

திருவள்ளுவர் அமைச்சனுக்கு வேண்டிய பண்புகளைச் சொல்லிவருகையில் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். 72ஆம் அதிகாரம் அவையறிதல்; 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. எதிரே அமர்ந்திருப்போர் யாவர் என அறிந்து பேசுக என்பது முன்னது. அறிந்தபின் அவரைக் கண்டு நடுங்காதே என்பது பின்னது. அமைச்சர்க்கு வகுத்த இவ்விலக்கணம் அமைச்சரைக் காட்டிலும் கலைஞர்க்கே மிகுதியும் பொருந்துவதாக நமக்குத் தோன்றுகிறது. நடிகரோ பாடகரோ தம் கலையை ஒரு கணம் நிறுத்தி நாட்டு நடப்பைப் பற்றி மேடையில் ஒரு சொல் சொல்லும்போது அவை என்ன செய்கிறது? கைதட்டுகிறதா, கல்லெறிகிறதா? இதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவர் மரபு

ஆள்வோரிடம் கலைஞர் கசப்பான உண்மையைச் சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் பழித்த திறத்தை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சோழர் இருவர் தம்முள் பொருதபோது கோவூர்கிழார் இடைபுகுந்து இருவரையும் இடித்துரைத்தார். ஒற்றன் என்ற ஐயத்தால் கொலைக்களம் செல்லவிருந்த புலவன் இளந்தத்தனையும் அவர் பாட்டே மீட்டது. அரசனுக்கு அறம் உணர்த்தும் பாடலுக்குச் ‘செவியறிவுறூஉ’ என்று துறையே வகுத்துவிட்டனர் நம் முன்னோர்.

ஆயினும் அன்றைய புலவருக்கு எதிரே இருந்தவன் ஒரே ஓர் அரசன். அவன் முகம் பார்த்து அவன் உள்ளம் அறியலாம். சீட்டு விற்று நாடகம் நடத்தும் கொட்டகைகள் எழுந்த பின்னர், அவ்வொருவன் இடத்தில் ஆயிரம் பேர் வந்து அமர்ந்தனர். ஒருவர் மகிழும் சொல்லுக்கே மற்றொருவர் வெகுண்டெழுந்தார். ‘பாட்டுக் கேட்கவே காசு கொடுத்தோம், பேச்சுக் கேட்க அன்று’ என்னும் முறையீடு அன்றுதான் பிறந்தது.

கல்கத்தாவில் பிறந்த சட்டம்

இவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் நாம் வாழும் இம்மாநகரிலேயே எழுதப்பட்டன. தீனபந்து மித்திரர் 1860இல் எழுதிய ‘நீல தர்ப்பண்’ அவுரித் தோட்ட வெள்ளையரின் கொடுமைகளைக் காட்டிய நாடகம். 1872 திசம்பரில் இந்நகரில் இது சீட்டு விற்று நடத்தப்பட்டது. வெள்ளைத் துரையாக நடித்தவரின் கொடுமையைக் கண்டு பொறாத வித்தியாசாகரர் தம் காலணியைக் கழற்றி அவர்மீது வீசினார் என்றும், நடிகர் அதனைத் தமக்குக் கிடைத்த பரிசாகத் தலைமேற் கொண்டார் என்றும் வங்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. எறியப்பட்ட காலணியும் பாராட்டாகக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆனால் எல்லா அவைகளும் அவ்வாறு இருந்தில. கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் 1875இல் இலக்குமணபுரி சென்று இந்நாடகத்தை நடத்தினர். குடியானவன் ஒருவன் வெள்ளையனை மடக்கிப் புடைக்கும் காட்சி வந்ததும், அவையில் இருந்த ஆங்கிலேயர் கொதித்தெழுந்தனர். சிலர் மேடைமேலேயே ஏறிவிட்டனர். நாடகம் பாதியில் நின்றது; குழுவினர் ஊரைவிட்டே புறப்பட நேர்ந்தது. அந்நாளில் அங்கிருந்த நடிகை வினோதினி தாசி பின்னாளில் தம் வரலாற்றில் இதனைப் பதிந்து வைத்துள்ளார்.

மறு ஆண்டு அரசே சினந்தது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்திருந்தபோது, பவானிபூர் வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி அவரைத் தம் வீட்டுப் பெண்டிர் பகுதிக்கே அழைத்துச் சென்று வரவேற்பளித்தார். நகரம் முகஞ்சுளித்தது. அச்செய்தியையே அங்கதமாக்கி 1876 பிப்பிரவரியில் ‘கஜதானந்தனும் யுவராஜனும்’ என அக்குழு மேடையேற்றியது. காவல்துறை தடுத்தது. பெயரை மாற்றி மீண்டும் நடத்தினர். மீண்டும் தடை வந்தது. காவல் ஆணையர் பெயர் ஹாக். மற்றோர் அதிகாரி பெயர் லாம்ப். ஆங்கிலத்தில் முன்னது பன்றியையும் பின்னது ஆட்டுக்குட்டியையும் குறிக்கும் அன்றோ? ‘பன்றியும் ஆடும் நடத்தும் காவல்’ என்ற பொருளில் அடுத்த நாடகம் வந்தது. பிப்பிரவரி 29ஆம் நாள் அரசப் பிரதிநிதி நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச்சுத் திங்களில் உபேந்திரநாத தாசும் அமிர்தலால் பாசுவும் பிறரும் கைதாயினர். வேறொரு நாடகத்தை ஆபாசம் எனக் காட்டி விதித்த ஒரு மாதச் சிறைத்தண்டனையை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசோ விடவில்லை. அவ்வாண்டு திசம்பரில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிலைபெற்றது.

அன்று வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் உறைந்த மாளிகை நம் அலிப்பூரின் பெல்வெடியர். அது இன்று தேசிய நூலகத்திற்கு உரிய வளாகம். நாடகத்தைக் கண்டு அஞ்சிய ஆட்சியின் மாளிகையில் நாடக நூல்களைத் தேடி நாம் செல்கிறோம். நம் தமிழ் நூல்களும் அந்நூலகத்தில் உள்ளன. காலம் செய்யும் அங்கதம் எந்த நாடகத்திலும் இல்லை.

தமிழ் மேடையின் தழும்புகள்

கல்கத்தாவில் பிறந்த சட்டம் தென்னாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சிவகாசியில் 1886இல் பிறந்த எஸ்.எஸ். விசுவநாத தாஸ், முருகனாகவும் கோவலனாகவும் வேடமிட்டு நின்றே விடுதலைப் பாட்டைப் பாடியவர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய, வெள்ளைக் கொக்கை வெள்ளையர்க்கு உருவகமாக்கிய பாட்டு அவர் குரலில் ஊர்தோறும் பரவிற்று. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் கொக்கை விரட்டும் பாட்டு எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்த்தால் அக்கலைஞரின் நுட்பம் விளங்கும். பாடினால் சிறை என்பது தெரிந்தும் அவர் பாடினார். சிறை மீண்டு வந்து மறுபடியும் பாடினார். பாட்டைக் கேட்டுக் கைதட்டிய அதே சமூகத்தில், அவர் பிறந்த குலத்தைக் காட்டி உடன் நடிக்க மறுத்தோரும் இருந்தனர். அவையின் உள்ளம் ஒன்றாய் இருப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 1940 திசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மயில்மேல் அமர்ந்த முருகக் கோலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

வங்கத்தில் இவருக்கு ஓர் உடன்பிறவாச் சகோதரர் உண்டு. சுதேசி நாட்களில் பாரிசாலில் தோன்றிய முகுந்த தாஸ், ‘யாத்ரா’ எனும் வங்கத் தெருக்கூத்தில் நாட்டுப்பற்றைப் பாடிச் சிறை சென்றவர். ஒருவர் மற்றவர் மொழியை அறியார். இருவரும் பாடிய பொருள் ஒன்று. பெற்ற தண்டனையும் ஒன்று.

வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்குள்ளாகி, பின்னர்த் தி.க. சண்முகம் சகோதரர்களால் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் நடிக்கப்பெற்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

வெள்ளையர் சென்றபின் இச்சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1954இல் எம்.ஆர். ராதா நடத்திய ‘இராமாயணம்’ நாடகம் பத்தர்களின் உள்ளத்தைச் சுட்டது. எதிர்ப்பு எழுந்தது, கற்களும் விழுந்தன. மனம் புண்படுவோர் தம் நாடகத்திற்கு வரவே வேண்டா என்று அவர் விளம்பரம் செய்ததாக நாடகவுலகில் கூறுவர். அவ்வாண்டு திசம்பரிலேயே சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் ராதாவை மனத்திற்கொண்டே வந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். அவர் கருத்து நமக்கு உடன்பாடாகலாம், ஆகாமலும் போகலாம். எழுபத்தெட்டு ஆண்டுக்கு முன் அந்நியன் ஏந்திய அதே கோலை நம்மவரும் கையில் எடுத்தனர் என்பது மட்டும் மறுக்கவொண்ணாதது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டமோ 2018இல்தான் சட்டப் புத்தகத்தினின்று நீங்கியது. ஏறத்தாழ 141 ஆண்டு அது உயிரோடு இருந்தது!

விடுதலைக்குப் பிந்திய கல்கத்தாவும் இதற்கு விலக்கன்று. 1946ஆம் ஆண்டுக் கடற்படை எழுச்சியைப் பொருளாகக் கொண்ட ‘கல்லோல்’ நாடகத்தை உத்பல் தத் 1965இல் மினர்வா அரங்கில் நடத்தினார். செய்தித்தாள்கள் விளம்பரத்தை ஏற்க மறுத்தன. அவரும் விசாரணையின்றிச் சிறைப்பட்டார். மக்களோ சுவரொட்டி கண்டு திரள்திரளாக வந்தனர். ஆள்வோர் வெகுள, அவை அணைத்துக்கொண்ட நிகழ்ச்சி இது.

இரசிகர்களின் சினம்

திரைப்படம் வளர்ந்தபின் வேறொரு வகைச் சினம் தோன்றியது. அது அரசின் சினமும் அன்று, பகைவரின் சினமும் அன்று. ‘நம்மவர் நம்மைக் கைவிட்டார்’ என்னும் அன்பர்களின் சினம். அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் நடித்துச் ‘சிவாஜி’ எனப் பெயர்பெற்ற கணேசன், 1950களில் திருப்பதி சென்று வழிபட்டு வந்தபோது, நேற்றுவரை தோளில் தூக்கிய கழகத்தினரே சுவரெங்கும் அவரை எள்ளி எழுதினர். அவர் நடிப்பு அதனால் குன்றியதா? இல்லை. அவருடைய அரும்பெரும் படங்கள் பலவும் அதற்குப் பின்னரே வந்தன.

மேல்நாட்டிலும் இஃது உண்டு. 2003 மார்ச்சில் இலண்டன் மேடையொன்றில் ‘டிக்ஸி சிக்ஸ்’ என்னும் அமெரிக்கப் பாடகியர் குழுவினருள் ஒருவர், ஈராக் போரை எதிர்த்துத் தம் நாட்டுக் குடியரசுத் தலைவரைக் குறித்து ஒரு வாக்கியம் சொன்னார். வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. இசைத்தட்டுகளைக் குவித்து வண்டி ஏற்றி நொறுக்கினர். நான்கு ஆண்டு கழித்து அதே குழுவிற்கு ஐந்து ‘கிராமி’ விருதுகள் கிடைத்தன.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டியவை அண்மை நிகழ்ச்சிகள் இரண்டு. 2008இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தை ஒட்டிச் சென்னையில் திரையுலகினர் உண்ணாநோன்பு இருந்த நாட்களில் நடிகர் சத்யராஜ் பேசிய பேச்சு, ஒன்பது ஆண்டு உறங்கிக் கிடந்து, 2017இல் ‘பாகுபலி’ இரண்டாம் பகுதி வெளிவரும் வேளையில் கருநாடகத்தில் விழித்தெழுந்தது. பலருடைய உழைப்புக்குத் தம்மால் ஊறு நேரலாகாது என எண்ணி அவர் வருத்தம் தெரிவித்தார்; தமிழர் நலனுக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்பேன் என்பதையும் உடன் சொன்னார். 2025 மே மாதம் சென்னை விழா மேடையில் கமல்ஹாசன் கன்னடம் தமிழினின்று பிறந்தது என்றார். எதிர்ப்பு எழுந்தது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்தார். ‘தக் லைஃப்’ படம் சூன் 5ஆம் நாள் பிற இடங்களில் வெளிவந்தும் கருநாடகத்தில் வரவில்லை. தணிக்கை பெற்ற படத்தைக் கூட்டத்தின் மிரட்டலால் தடுக்கலாகாது என உச்சநீதிமன்றம் கூற நேர்ந்தது.

சென்னையில் சொன்ன சொல்லுக்குப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பம் அண்டை வீட்டார் முகத்தைப் பார்க்கத் தயங்கும் நிலை எத்தகையது என்பதை, மொழி வேறான ஊரில் குடியிருக்கும் நாம் எளிதில் உணர்வோம். மொழிகளின் பிறப்பு ஆராய்ச்சிக்கு உரியது. அறிஞர் அவையில் சான்றோடு பேசத்தக்கது. விழா மேடையில் போகிறபோக்கில் வீசத்தக்கதன்று. இதைத்தான் வள்ளுவர் அவையறிதல் என்றார். ஆயின் அச்சொல் தவறு என்றே கொண்டாலும், அதற்கு மறுமொழி மற்றொரு சொல்லேயன்றித் திரையரங்கின் பூட்டன்று.

அவையின் உரிமையும் எல்லையும்

இந்நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்கினால் ஓர் எல்லைக்கோடு புலப்படுகிறது. பிடிக்காத நாடகத்திற்குப் போகாதிருத்தல், பாதியில் எழுந்து செல்லுதல், மறுத்து எழுதுதல் எல்லாம் அவையின் உரிமை. அடுத்த நாற்காலியில் இருப்பவர் கேட்பதைத் தடுப்பது உரிமையன்று. வித்தியாசாகரர் எறிந்த காலணிக்குப் பின் நாடகம் தொடர்ந்தது. இலக்குமணபுரியில் மேடையேறியவர்களால் நாடகம் நின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதில் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. நம்முள் பலர் நடுவணரசு அலுவலர். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அரசியலில் பங்குகொள்ள நமக்கு இடமில்லை. அவ்விதி நம் வாய்க்கு இட்ட பூட்டே தவிர, மேடையேறும் விருந்தினர் வாய்க்கும், கேட்கும் நம் செவிக்கும் இட்ட பூட்டன்று. ‘வம்பு எதற்கு?’ என்று அஞ்சி வெறும் துணுக்கு நாடகங்களையே நம் மேடை தேடிக்கொள்ளுமாயின், அதற்குரிய விலையைத் தருவோர் நம் பிள்ளைகளே. பள்ளியில் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் அவர்கட்குச் செம்மையான தமிழ் காதில் விழும் இடம் சங்க மேடை ஒன்றே. அத்தமிழில் சிரிப்பு மட்டும் உண்டு, சிந்தனை இல்லை என அவர்கள் கருதிவிட்டால், வேட்டி சேலைபோல் திருநாளுக்கு எடுத்து மடித்துவைக்கும் பொருளாகத் தமிழ் ஆகிவிடும்.

ஆகவே விருந்தினரை அழைக்கும்போதே நம் அவையின் இயல்பை எடுத்துரைப்போம். நாம் பிறமொழியாளரோடு கலந்து வாழ்வதை நினைவூட்டுவோம். அதன்பின் அவர் பேசட்டும். ஒலிபெருக்கியை இடையில் நிறுத்தாதிருப்போம். மறுப்புடையோர் எழுந்து வினவ, இறுதியில் கால் மணி நேரம் ஒதுக்குவோம். கேட்கப் பிடிக்காதவர் வெளியே சென்று காப்பி அருந்தி வரட்டும். திரும்பி வரும்போது அவர் நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.

மேடையில் நிற்பவர்க்கு வள்ளுவர் இரண்டு அதிகாரம் வகுத்தார். கீழே அமர்ந்திருப்பவர்க்கும் ஒன்று வகுத்துள்ளார். அதன் பெயர் ‘கேள்வி’. எண்ணிக்கையில் அது 42ஆவது. அவ்விரண்டிற்கும் முன்னதாகவே வருகிறது.