மலையக உல்லாசப் பயணத்துறையும் மரபுரிமையின் உடைமையும்

கொத்மலை, நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் அருவிகளும் தேயிலைச் சரிவுகளும் உல்லாசப் பயணத்துறையின் இயற்கை வளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின், தேயிலைச் சரிவு இயற்கை தந்ததன்று. கோப்பிக் காலந்தொட்டுத் தென்னிந்தியத் தொழிலாளர் தலைமுறைகளின் உழைப்பால் உருவானது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாயிற்று. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரைமார் பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாயின. இவற்றில் மரபுரிமையெனப் பேணப்படுவது துரையின் வாழ்க்கைமுறையே. 1940இல் முல்லோயாவில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் வரலாறோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியோரின் வரலாறோ இத்தகைய மரபுரிமையினுள் எளிதில் அடங்குவதில்லை.

இதற்கு மாறாக, கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றில் 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, உழைத்தோரின் புழங்குபொருள்களையும் ஆவணங்களையும் காக்கிறது. எனினும், நினைவைக் காப்பது மட்டும் போதாது.

கிராமத்தவர் ஒருவர் தம் வீட்டின் அறையொன்றை விருந்தினர்க்கு வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டலாம். லயக் காம்பறாவில் வாழும் தொழிலாளிக்கு அது இயலாது. காம்பறாவும் அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்குரியவை. எனவே, உள்ளூர் வளங்களைக் கொண்டு உல்லாசப் பயணத்துறையை வளர்ப்பது என்பது மலையகத்தைப் பொறுத்தவரை முதலில் காணியுரிமைப் பிரச்சினையே. அது தீராதவரை, தொழிலாளி தான் உருவாக்கிய காட்சியின் ஒரு பகுதியாவாரேயன்றி, அதன் பயனுக்கு உரியவராகார்.