ரந்தாவ் அபாங் கடற்கரையும் விளக்கொளியும்

ஒளியை அறிவுக்கும் இருளை அறியாமைக்கும் உவமையாகக் கூறுவது நம் மரபு. இருள் நீங்குக, ஒளி பெருகுக என்று வேண்டாத சமயத்தார் இல்லை. ஆயினும், இருளே உயிர் காக்கும் துணையாகவும் ஒளியே உயிர் குடிக்கும் பகையாகவும் அமையும் ஓரிடம் உண்டு. கடலாமைகள் முட்டையிட வந்தேறும் கரையே அது. இவ்வுண்மையை அறியத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திரெங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கரையின் வரலாறே இதற்குச் சான்று.

ஆமை மணலைத் தோண்டி முட்டையிட்டு மறைக்கும் செய்தியைப் பழந்தமிழர் நன்கறிந்திருந்தனர். அகநானூற்றின் 160ஆம் பாடல் இதனை நெய்தல் நிலக் காட்சியாகக் காட்டுகிறது. புதைத்த முட்டைகளை, குஞ்சு வெளிப்படும்வரை ஆணாமை காத்திருக்கும் என்றும் அப்பாடல் கூறுகிறது. இன்றைய உயிரியலார் இப்பிற்கூற்றை ஏற்பதில்லை. முட்டையிட்டவுடன் தாய் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. கடலாமையின் ஆணோ முட்டையைக் காக்கக் கரையேறுவதில்லை. காப்பாரின்றிப் பிறக்கும் குஞ்சுக்குக் கடலின் திசையைக் காட்டும் வழிகாட்டி, இரவு வானின் இயற்கையொளியே. அவ்வழிகாட்டியை மனிதன் மறைத்த கதையே இக்கட்டுரையின் பொருள்.

பெருமையும் வீழ்ச்சியும்

தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில், டுங்கூன் நகருக்கு வடக்கே அமைந்த சிற்றூர் ரந்தாவ் அபாங். கடலாமைகளுள் மிகப் பெரியதாகிய ஏழுவரி ஆமை இங்கே பெருந்திரளாகக் கரையேறியது. கட்டியான ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோல் போர்த்திய அதன் முதுகில், நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடுகின்றன. தமிழகத்து மீனவர் அவ்வரம்புகளை எண்ணி 'ஏழுவரி' என்றனர். மலாய் மக்கள் பெலிம்பிங் பழத்தின் விளிம்புகளோடு ஒப்பிட்டுப் 'பெஞ்யு பெலிம்பிங்' என்றனர். ஆமை வடிவிற் கிடந்த ஒரு கரும்பாறையே இவற்றைத் தன்பால் ஈர்க்கிறது என்பது ஊராரின் நம்பிக்கை.

1956ஆம் ஆண்டில் திரெங்கானுக் கரையில் பதிவான ஏழுவரி ஆமைக் கூடுகள் 10,000க்கு மேற்பட்டவை. 1995இல் பதிவானவை 37 மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் மட்டும் கூறுவது வரலாற்று முறையாகாது. குத்தகைக்கு எடுக்கப்பட்ட கரைப்பகுதிகளில் முட்டைகள் ஏறத்தாழ முழுவதும் திரட்டப்பட்டு விற்கப்பட்டன. வளர்ந்த ஆமைகள் ஆழ்கடலிலும் கரையோரத்திலும் மீன்வலைகளிற் சிக்கி மாண்டன. காக்கும் நோக்குடன் அமைத்த பொரிப்பகங்களிற்கூட மணலின் வெப்பம் மிகுந்தமையால் பெண்குஞ்சுகளே பெரிதும் பிறந்தன. இவற்றோடு கரையில் நிகழ்ந்த மனிதத் தொல்லையும் சேர்ந்தது. அத்தொல்லையின் முதற் கருவி விளக்கு.

காப்பு முயற்சிகள் இல்லாமலில்லை. திரெங்கானுவின் ஆமைச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. 1961இல் மலாயா இயற்கைக் கழகத்தின் முயற்சியால், முட்டைகளை வாங்கிப் பொரிக்கவைக்கும் பணி ரந்தாவ் அபாங்கில் தொடங்கியது. பாலசிங்கம் என்னும் விலங்கியல் அறிஞர், மலாயாவின் ஏழுவரி ஆமையின் வாழ்வையும் காப்பையும் பற்றி 1967இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இவ்வாமையின் வரலாற்றைப் பயில்வோர் மறவாது போற்றத்தக்க பெயர் அவருடையது.

ஒளி வந்த காலம்

ஆனால், 1970களிலும் 1980களிலும் ரந்தாவ் அபாங்கின் புகழே அதற்குப் பகையாயிற்று. முட்டையிடும் பருவமாகிய மே முதல் செப்டம்பர் வரையில் சுற்றுப்பயணிகள் திரண்டனர். இருண்ட கரையில் கைவிளக்குகள் அலைந்தன. விறகுத் தீ மூட்டப்பட்டது. புகைப்படக் கருவிகள் மின்னின. ஆமையின் முதுகில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டோரும் உண்டு. தாயாமை கடலிலிருந்து ஏறி இடம் தேடும்போது மிக எளிதில் அஞ்சும் இயல்புடையது. அந்நேரத்தில் ஒளியும் அசைவும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

குஞ்சுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முட்டைகள் பொரிந்தபின், குஞ்சுகள் ஒருங்கே மணலைக் குடைந்து மேலே வந்து, மேல்மணல் குளிரும்வரை காத்திருந்து, பெரும்பாலும் இரவில் வெளிப்படுகின்றன. இயற்கையான கரையில் விண்மீனும் நிலவும் தரும் ஒளி கடற்பக்க அடிவானில் மிகுந்திருக்கும். நிலப்பக்கம் மரங்களும் மணல்மேடும் கறுத்து உயர்ந்திருக்கும். குஞ்சு, கறுத்த மேட்டை விட்டு வெளுத்த தாழ்வானை நோக்கி நகரும். அந்நகர்வே அதனைக் கடலில் சேர்க்கும். நிலப்பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தாலோ இக்கணக்கு முழுவதும் பொய்த்துப்போகிறது. குஞ்சுகள் விளக்கை நோக்கி ஊர்ந்து, நண்டுக்கும் பறவைக்கும் இரையாகின்றன, சாலையில் நசுங்குகின்றன, விடியும்வரை அலைந்து, வெயிலில் உலர்ந்து மடிகின்றன.

எவ்வகை ஒளி இவற்றை மிகுதியாக ஈர்க்கிறது என்பதை மிரோசோவ்ஸ்கி, ஆர்ச்சி கார் ஆகிய இருவரும் ஆராய்ந்து, 1967இலேயே வெளியிட்டனர். பேராமைக் குஞ்சுகள் நீலம் போன்ற குறுகிய அலைநீள ஒளியையே விரும்பி நாடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. விதரிங்டன் என்பார் கோஸ்தாரிக்காவிலும் புளோரிடாவிலும் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு தாயாமைகளைப் பற்றியது. வெண்மையான பாதரச ஆவி விளக்கு எரிந்த கரைப்பகுதியில் முட்டையிடல் பெரிதும் குன்றியது. மஞ்சள் நிறச் சோடியம் ஆவி விளக்கால் அத்தகைய கேடு காணப்படவில்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பாலசிங்கத்தின் கட்டுரை வெளிவந்த அதே 1967இல் ஒளியின் இயல்பு பற்றிய அறிவும் உலகுக்குக் கிட்டிவிட்டது. ஆயினும், ரந்தாவ் அபாங் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது 1988இல்தான். கரையில் தீயையும் கைவிளக்கையும் கட்டுப்படுத்தும் முயற்சி வலுப்பெற்றபோது, கட்டுப்பாட்டால் பயன்பெற வேண்டிய ஆமைகளே அருகிவிட்டன. அறிவு இல்லாமையால் நேர்ந்த இழப்பன்று இது. அறிவு செயலாவதற்குள் காலம் கடந்தமையால் நேர்ந்த இழப்பு.

இருளைக் காத்த கரைகள்

காலம் கடவாத இடங்களும் உண்டு. சபாவில் சண்டாக்கானுக்கு அப்பால் உள்ள செலிங்கான் தீவில் 1966இல் பொரிப்பகம் தோன்றியது. 1977இல் அது ஆமைத் தீவுகள் பூங்காவின் பகுதியாயிற்று. அங்கே இரவில் பயணிகள் தம் விருப்பப்படி கரையில் உலவ முடியாது. காவலர் அழைத்துச் செல்லும்போது மட்டுமே சென்று, முட்டையிடும் ஆமையைக் காணலாம். ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கரையில் 1993 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர் பேராமைகளைக் காத்து வருகின்றனர். விடுதிகளின் வெளிச்சம் இல்லாத கரை அது.

புளோரிடாவோ மக்கள் நெருங்கி வாழும் கரை. அங்கே ஊர்களை இருளில் மூழ்கடிக்காமலே வழி கண்டனர். 1993இல் அம்மாநிலம் கடற்கரை விளக்குகளுக்கென மாதிரி விதிகளை வகுத்தது. நாளடைவில் அங்கே நிலைபெற்ற நெறிகள் மூன்று: விளக்கு தாழ்வாக இருத்தல், ஒளி கரையில் விழாதபடி மறைக்கப்படுதல், 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட அலைநீளமுடைய செம்மஞ்சள் அல்லது செந்நிற ஒளியாக இருத்தல். இன்று பெருகியுள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீலக் கூறு மிகுதி. ஆகவே இம்மூன்றாம் நெறி முன்னினும் இன்றியமையாததாகிறது.

நம் கடமை

2012இல் வெளியான 20 ரிங்கிட் தாளில் ஏழுவரி ஆமையின் உருவம் பொறிக்கப்பட்டது. 2022 ஜூன் முதல் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் திரெங்கானுவில் தடைசெய்யப்பட்டது. ஏழுவரி ஆமையின் கூட்டம் நம் கரைக்கு மீளுமோ என்று உறுதி கூற இயலாத நிலையிலேயே இவை வந்தன. ஆனால் பேராமையும் அழுங்காமையும் இன்றும் நம் கரைகளுக்கு வருகின்றன. சிங்கப்பூரின் கிழக்குக் கரையில்கூட அழுங்காமை முட்டையிட ஏறுவதுண்டு.

வலையைத் திருத்துவதற்குப் பன்னாட்டு உடன்பாடு வேண்டும். கடலின் வெப்பத்தைத் தணிப்பதற்குத் தலைமுறைகள் வேண்டும். விளக்கை அணைப்பதற்கோ ஒரு விரல் போதும். முட்டையிடும் பருவத்தில் கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், வெண்ணிறக் கைவிளக்கையும் தீ மூட்டுவதையும் விலக்குவாராக. கரையோர விடுதியில் தங்குவோர், கடலை நோக்கிய அறையின் திரையை இரவில் இழுத்து மூடுவாராக. நெய்தல் பாடலை வகுப்பில் நடத்தும்போது, அப்பாடல் காட்டும் ஆமை இன்றும் இதே கடல்களில் வாழ்வதையும், அதன் குஞ்சு கரையிலிருந்து கடலைச் சேர இருண்ட மணல்வெளி வேண்டும் என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர் கடனாகும்.