துறைமுகத்துக்கு வந்த பின்னல் ஊசி

திருக்கோணமலையின் வெயிலை அறிந்த நேயர்களுக்குக் கம்பளிப் பின்னலைப் பற்றிய பேச்சு சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். சித்திரை மாதத்து நண்பகலில் உள்துறைமுகக் கரையில் நிற்பவன் தலைக்குத் தேடுவது நிழலையே அன்றிக் கம்பளிக் குல்லாயை அன்று. எனினும், பின்னலுக்கும் துறைமுகங்களுக்கும் உள்ள உறவு பழையது. காதையும் கழுத்தையும் மூடி முகத்தை மட்டும் வெளிவிடும் குல்லாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பலக்ளாவா. கருங்கடலோரத்துத் துறைமுகம் ஒன்றின் பெயர் அது. 1854ஆம் ஆண்டுக் கிரிமிய யுத்தத்தில் அங்கே குளிரில் வாடிய வீரர்களுக்குத் தாய்நாட்டிலிருந்து வந்த பின்னற் குல்லாய்களின் நினைவாக அப்பெயர் பின்னாளில் நிலைத்தது.

நூலைக் கொண்டு செய்யும் வேலை நம் கரையோரத்தாருக்குப் புதிதன்று. நைலோன் வலை வருமுன் வலையைக் கையாலேயே முடிந்தார்கள். ஆனால் வலை முடிச்சினால் ஆவது. பின்னலோ முடிச்சின்றி, ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்து ஆக்கப்படுவது. ஆகவேதான் அது உடலோடு நெகிழ்ந்து கொடுக்கிறது. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ளவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்வதும் அதனாலேயே.

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது, பிரித்தானியாவில் அரசி மேரியின் ஊசி வேலைக் கழகம் படையினருக்காகப் பின்னித் தருமாறு பெண்களை அழைத்தது. அப்பொழுது ஒரு வழக்கு எழுந்தது. யுத்தத்தினால் தொழிலிழந்து நின்ற பெண்கள் பலர். வசதியுள்ளோர் இலவசமாகப் பின்னத் தொடங்கினால், கூலிக்குப் பின்னுவோர் பிழைப்பது எவ்வாறு? தொழிற்சங்கத் தலைவி மேரி மக்காதர் இதனை அரசியிடமே எடுத்துரைத்தார். அதன் பயனாகப் பெண்களுக்கு வேலை அளிப்பதற்கென ஒரு நிதி அவ்வாண்டே தோன்றியது. அந்த அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. தொண்டுப் பின்னலை இன்றும் அக்கேள்வியைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது என் கருத்து.

திருக்கோணமலையிலிருந்த கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். வீரனுக்காகப் பின்னும் வழக்கமும் உலகில் மெல்லக் குறைந்தது. ஊசிகள் பிறிதொரு போராட்டத்தின் பக்கம் திரும்பின.

புற்றுநோய்க்குத் தரும் மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பவை. மயிர்க்காலில் உள்ளவையும் அத்தகையன ஆதலால், இரண்டு மூன்று வாரங்களில் கூந்தல் உதிர்கிறது. பெரும்பாலும் அது மீண்டும் வளரும். ஆயினும் பூ முடித்த தலை வெறுமையாகும் நாளில் அந்த ஆறுதல் எளிதில் எட்டுவதில்லை. அத்தகையோர்க்கெனத் தொண்டர்கள் குல்லாய் பின்னுகின்றனர். நம் வெப்பத்துக்குக் கம்பளி உதவாது. நோயால் மென்மையுற்ற தோலை அது உறுத்தும். பருத்தி நூலே தக்கது.

மார்பகத்தை அறுவைக்கு இழந்த பெண்ணின் துன்பமோ வெளியே சொல்லப்படாதது. கடையில் விற்கும் சிலிக்கோன் மார்பகம் விலை மிக்கது, கனமானது, வியர்வை பெருக்குவது. 2005இல் கனடாவைச் சேர்ந்த பெரில் சாங் என்னும் பெண்மணி, தமக்கு நேர்ந்த குறையை நிரப்பத் தாமே ஒன்றைப் பின்னி, பின்னும் முறையையும் வெளியிட்டார். 2011இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமொரெஸ்ட் அதனை ஓர் இலவசத் தொண்டாக விரித்தார். இந்தியாவில் சாயிஷா இந்தியா அறக்கட்டளையின் தொண்டர்கள் இப்பணியைச் செய்கின்றனர். சென்னையிலும் பின்னுவோர் உளர். இங்கே மக்காதரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. வாங்க இயலாதவளுக்கே இது போகிறது. எவருடைய கூலியும் இதனாற் பறிபோவதில்லை.

திருக்கோணமலையிலிருந்து மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ சிகிச்சைக்காகச் செல்பவளின் பையில் இது ஒரு கைப்பிடி இடத்துக்குள் அடங்கும். நூலின் நுனிகள் தழும்பை உறுத்தாதபடி அவற்றை உட்புறமாக மறைத்து முடிக்கவேண்டும். பின்புறத்தில் சிறு வாய் விடுவதும் உண்டு. அதன் வழியே உள்ளிருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, உறையை அலசி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.