இல்லறத்திலிருந்து ஏழையர் இல்லத்திற்கு
அருளாளர் பிரெடெரிக் ஓசானாம்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஐந்தாறு பேர் ஒன்றுகூடிச் செபம் சொல்லி, கணக்கு வாசித்து, காணிக்கைப் பையைச் சுற்றிவரச் செய்து, இந்த வாரம் எந்த வீட்டிற்கு அரிசி, எந்த நோயாளிக்கு மருந்து என்று முடிவு செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதுவே புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம். "வேலையும் குடும்பமும் இருக்க, நமக்கு இதற்கெல்லாம் நேரமேது?" என்று ஒதுங்குவோரும் நம்மிடையே உண்டு. இச்சபையை நிறுவியவர்களுள் முதன்மையானவர் குருவுமல்லர், துறவியுமல்லர். அவர் ஒரு பேராசிரியர், கணவர், தந்தை.

பிரெடெரிக் ஓசானாம் 1813 ஏப்ரல் 23-ல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தார். தந்தையார் மருத்துவர், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். 1837-ல் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்தே அவர் உயிர் நீத்தார். மகனுக்கு அன்பின் அரிச்சுவடி வீட்டிலேயே கிடைத்தது.

1831-ல் சட்டம் பயிலப் பாரீஸ் சென்ற ஓசானாம், மின்னோட்டத்தின் அளவைக்கே தம் பெயரைத் தந்த விஞ்ஞானி ஆம்பியரின் வீட்டில் தங்கினார். அம்மேதை கோவிலில் செபமாலையும் கையுமாக முழந்தாளிட்டிருந்த காட்சி மாணவனின் தடுமாறிய விசுவாசத்தை உறுதிப்படுத்தியது என்பர்.

அந்நாளில் மாணவர் விவாத மன்றத்தில், "உங்கள் திருச்சபை முன்னொரு காலத்தில் நன்மை செய்தது, இன்று என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பேச்சால் விடை சொல்ல முடியாது என்று ஓசானாம் உணர்ந்தார். 1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாம் பிறந்த நாளன்று, ஆறு மாணவர்களும் பத்திரிகையாளர் பாயி என்பவரும் கூடிச் சபையைத் தொடங்கினர். பாயியே முதல் தலைவர். ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கும் முறையை அருட்சகோதரி ரொசாலி ராந்து கற்றுத் தந்தார். குளிர்காலத்திற்கென வைத்திருந்த விறகின் மிச்சத்தை ஓசானாமும் நண்பரும் ஓர் ஏழைக்குச் சுமந்து சென்றதைச் சபையினர் இன்றும் சொல்லி மகிழ்வர். இறக்கும் வரை இருபது ஆண்டுகள் அவர் சபைக்கு உழைத்தார்; பொதுத் தலைவர் பதவியில் ஒருபோதும் அமரவில்லை.

அவருடைய அலுவல் எளிதன்று. சட்டத்திலும் இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்று, 1844-ல் சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். 1852-ல் காய்ச்சலோடு படுத்திருந்தவர், மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எழுந்து வகுப்பிற்குச் சென்றார்.

1841 ஜூன் 23-ல் அமேலியை மணந்தார். அதன்பின் மாதந்தோறும் 23-ம் தேதி மனைவிக்கு மலர் கொடுப்பது அவர் வழக்கம். 1845-ல் மகள் மரி பிறந்தாள். ஓய்வு கிடைத்தால் கவிஞர் தாந்தேயின் காவியமும் பிரயாணமுமே அவருக்கு மகிழ்ச்சி. இத்தாலியில் சுற்றித் திரிந்து, பிரான்சிஸ்கன் துறவியரின் பழங்கவிதைகளைத் தேடிக் கண்டு நூலாக்கினார். 1851-ல் உலகப் பொருட்காட்சிக்காக லண்டன் சென்றபோதும் அங்கிருந்த ஐரிஷ் ஏழைகளின் குடியிருப்புகளே அவர் மனத்தை ஈர்த்தன.

1848 புரட்சியின்போது தொழிலாளர் பக்கம் பேசினார். நண்பர்களுடன் பத்திரிகையும் நடத்தினார். அதற்காகக் கத்தோலிக்கருள் சிலரே அவரைத் தூற்றினர். எனினும் அவர் பின்வாங்கவில்லை.

நோய் முற்றியதால் இத்தாலியின் கடற்கரையில் ஓய்வெடுத்த அவர், 1853 ஆகஸ்ட் 23 அன்றும் மனைவிக்கென்று ஒரு மலர்க்கிளையைக் கொடுக்கத் தவறவில்லை. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 8, வேளாங்கண்ணியில் நாம் கொண்டாடும் அதே அன்னையின் பிறந்த நாளில், மார்செய் நகரில் உயிர் துறந்தார். வயது நாற்பது, மகளுக்கு எட்டு. அமேலி 1894 வரை வாழ்ந்து, கணவரின் எழுத்துக்களைக் காத்தார். 1997 ஆகஸ்ட் 22-ல் பாரீசில் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அவரை அருளாளராக உயர்த்தினார். அன்று எழுவர் தொடங்கிய சபை, ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியுள்ளது.

நேரம் மிகுந்தவரல்லர் ஓசானாம், உடல்நலமும் வாய்க்காதவர். இருந்த நேரத்தைப் பகிர்ந்தார். ஜூபிலி காணும் நம் பங்கில், அடுத்த ஞாயிறு அந்த ஐந்தாறு பேரின் அருகில் நாமும் போய் அமர்ந்தால், அதுவே இவ்விழாவின் சிறந்த காணிக்கையாகும்.