உலக வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

கதை எந்த இடத்தில் தொடங்கப்படுகிறதோ, அந்த இடமே அதன் தலைவன் யார் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. காப்பியம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. பள்ளிப் பாடத்திற்கும் இது பொருந்தும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் உலக வரலாறும் புவியியலும் கடந்துவந்த பாதை தக்க சான்றாகும்.

அந்நாட்டில் சமூகக் கல்விக்கு வடிவம் தந்தது, தேசியக் கல்விச் சங்கத்தின் குழுவொன்று 1916-இல் வெளியிட்ட அறிக்கை. அதன்படி புவியியல் கீழ் வகுப்புகளோடு நின்றது. மேல் வகுப்புகளுக்கு ஐரோப்பிய வரலாறும் அமெரிக்க வரலாறும் மக்களாட்சியின் சிக்கல்களும் வைக்கப்பட்டன. பின்னாளில் 'உலக வரலாறு' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தபோதும், ஐரோப்பாவே பெரும்பாலும் அப்பெயரைச் சூடிக்கொண்டது. ஸ்டாவ்ரியானோஸ், மக்நீல் ஆகிய அறிஞர்கள் 1960-களில் உலகம் முழுவதையும் ஒருசேர நோக்கி எழுதிய நூல்களே மாற்றுவழி காட்டின.

அவ்வழி எளிதாய் அமையவில்லை. 1994-இல் புவியியலுக்கும் வரலாற்றுக்கும் தேசியத் தரவரைவுகள் வெளிவந்தன. புவியியல் வரைவு பெரும் பூசலின்றி ஏற்கப்பட்டது. வரலாற்று வரைவோ கடும் புயலை எழுப்பியது. 1995 ஜனவரியில் செனட் சபை 99 வாக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் அதனைக் கண்டித்தது. மேலை நாகரிகத்தின் பங்களிப்புக்கு உரிய மதிப்பு வேண்டும் என்றும் வற்புறுத்தியது. திருத்திய வரைவு 1996-இல் வந்தது.

அடுத்த பூசல் ஆண்டுக் கணக்கில் எழுந்தது. பள்ளி மாணவர் கல்லூரித் தரத்தில் பயிலும் 'ஏ.பி.' பாடங்களைக் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்துகிறது. அவற்றுள் மானிடப் புவியியலுக்கு 2001-இலும் உலக வரலாற்றுக்கு 2002-இலும் முதல் தேர்வுகள் நடைபெற்றன. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளை ஒரே கல்வியாண்டில் முடிப்பது பெரும்பாடாயிற்று. ஆகவே, 1450-க்குப் பிற்பட்டதை மட்டுமே தேர்வுக்கு வைப்பதென்று 2018 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். அவர்தம் வாதம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1450-இல் திரை விலகினால், மேடையில் முதலில் தோன்றுவன ஐரோப்பியக் கப்பல்களே. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய பின்னரே கோழிக்கோடு உயிர்பெற்றது போலாகும். மாலி நாட்டு அரசர் மான்சா மூசாவின் 1324-ஆம் ஆண்டு மக்கா யாத்திரையும், இபின் பதூதாவின் நெடும்பயணமும் திரைக்குப் பின்னே மறைந்துவிடும். எதிர்ப்பு வீண்போகவில்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே தொடக்கம் 1200-க்கு நகர்த்தப்பட்டது. இரண்டரை நூற்றாண்டுகள் மீட்கப்பட்டன.

எனினும் எந்த எல்லைக்கும் வெளியே எவரேனும் நின்றுகொண்டுதான் இருப்பர். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-இல் கடாரம் சென்றது இப்புதிய எல்லைக்கு வெளியே நிற்கிறது. உரோமானியப் பொன் முசிறியில் மிளகுக்கு விலையானதும் அவ்வாறே. ஒரு கல்வியாண்டிற்குள் அனைத்தையும் அடக்குதல் எவர்க்கும் இயலாது. வெட்டுதல் தவிர்க்கவியலாதது, எங்கே வெட்டுகிறோம் என்பதை மறைக்காமல் மாணவர்க்குச் சொல்லுதல் இயலும்.

ஈண்டுதான் புவியியல் வரலாற்றுக்குத் துணை நிற்கிறது. காமாவின் கப்பல்களைக் கீழை ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குச் சேர்த்தவை, அங்கே அமர்த்திய வழிகாட்டியின் அறிவும் பருவக்காற்றுமாகும். அக்காற்றோ பல நூற்றாண்டுகளாக வணிகர்தம் மரக்கலங்களைச் சுமந்து பழகியது. சுவரில் இந்துமாக்கடலின் படமொன்றைத் தொங்கவிட்டு, ஆனி ஆடியில் காற்று எத்திசையில் வீசும் என்று வினவும் ஆசிரியர், பாடத்திட்டம் விலக்கிவைத்த கலங்களையும் வகுப்பறைக்குள் அழைத்து வந்துவிடுவார்.