தரையில் வளர்ந்த தன்னாட்சி: இந்திய விமானப்படைத் தொழில்நுட்பப் பிரிவின் முதல் முப்பது ஆண்டுகள்

இந்திய விமானப்படையின் வரலாறு பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் விமானத்தைப் பழுதுபார்த்து, எரிபொருள் நிரப்பி, ஆயுதம் ஏற்றி அனுப்பியவர்கள் தரைப்பணியாளர்கள். அந்த வேலை இந்தியர் கைக்கு வந்த பிறகே படை சொந்தக் காலில் நின்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம்

1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி உருவான படையின் முதல் பிரிவு, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் 4 வாப்பிட்டி விமானங்களுடன் செயல்படத் தொடங்கியது. ‘ஹவாயி சிப்பாய்’ எனப்பட்ட இந்தியத் தொழில்நுட்பர்கள் பிரிட்டிஷ் விமானப்படையினரிடம் தொழில் கற்றனர். வாப்பிட்டி, பழைய டி.எச்.9ஏ விமானங்களின் மிச்ச உதிரிபாகங்களைப் பயன்படுத்தும்படி வடிவமைக்கப்பட்ட இரட்டை இறக்கை விமானம். துணி போர்த்திய இறக்கை கிழிந்தால் ஒட்டுத்துணி வைத்து, ‘டோப்’ என்னும் பூச்சைப் பூசி, துணி இறுகும்வரை காய விட வேண்டும். இந்த வேலைகள் மெல்ல இந்தியரிடம் வந்தன. 1937-இல் வடமேற்கு எல்லையின் மிரன்ஷாவிலிருந்து பிரிவு இயங்கியபோது, அந்தப் பயிற்சி களத்தில் கைகொடுத்தது.

லாகூர் மெக்லகன் பொறியியல் கல்லூரியில் படித்த ஹர்ஜிந்தர் சிங், படிப்புக்கு ஏற்ற பதவியை எதிர்பாராமல் ஹவாயி சிப்பாயாகச் சேர்ந்தவர். பிற்கால மாற்றங்கள் பலவற்றின் மையத்தில் அவரே நின்றார்.

போர்க்காலச் சோதனை

1942 பிப்ரவரியில் முதல் ஸ்குவாட்ரன் பர்மாவின் டவுங்கூவுக்குச் சென்றது. அதனிடம் இருந்த லைசாண்டர் விமானங்கள் தரைப்படைக்கு உதவவும் வேவு பார்க்கவும் உருவானவை. குண்டுவீச்சு அவற்றின் முதன்மைப் பணி அல்ல. ஜப்பானியர் டவுங்கூ தளத்தைத் தாக்கியதும், தரைப்பணியாளர்கள் அவற்றில் 250 பவுண்டு குண்டுகளைப் பொருத்தினர். ஸ்குவாட்ரன் தலைவர் மஜும்தார் அந்தக் குண்டுகளுடன் தாய்லாந்தின் மே ஹோங் சோன் விமானத்தளத்தைத் தாக்கினார். பதிலடி விமானியின் துணிவால் மட்டும் நடந்ததல்ல. விமானம் தாங்கும் எல்லையை அறிந்த தொழில்நுட்பர்களே அதைச் சாத்தியமாக்கினர். ஹர்ஜிந்தர் அந்த ஆண்டே அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

பிரிவினையும் மறுகட்டமைப்பும்

1947-இல் டிரிக் ரோடு பாகிஸ்தானுக்குப் போனது. தொழில் கற்ற இடத்தையே இந்தியா இழந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் பழுதாக்கிக் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தினர் பறக்கும் அளவுக்கு ஒட்டிச் சீர்செய்து பெங்களூருக்கு ஓட்டிச்சென்றனர். அங்கே அந்நிறுவனம் அவற்றை முழுமையாகப் புதுப்பித்தது. அவை 1968 வரை பணியில் இருந்தன.

1955-இல் கான்பூரில் பராமரிப்புக் கட்டளையகம் அமைந்தது. பின்னர் அது நாக்பூருக்கு மாறியது. ஹர்ஜிந்தர் சிங்கின் தலைமையில் கான்பூரில் கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விமானம், 1961 நவம்பரில் முதன்முறை பறந்தது.

முடிவுரை

துணி ஒட்டும் வேலையிலிருந்து முழு விமானத்தைக் கட்டும் நிலைக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆயின. விமானங்களை விலைக்கு வாங்கலாம். அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் திறனைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தான் பெற முடியும். எனவே, விமானப்படை வரலாற்றில் தரைப்பணியாளர்கள் அடிக்குறிப்பாக அல்ல, தனி அத்தியாயமாக இடம்பெற வேண்டும்.